இடது செருப்பு

கார் ஓட்டக் கற்றுத்தருகிறவனுக்கு முதலில் தேய்வது வலது செருப்பு, ஐயா. வெளியில் யாருக்கும் இது தெரியாது. எங்கள் வண்டியில் ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்க வருகிறவர்கள் நாய்க்குப் பயந்து ஆளை இடிக்கப் போவார்கள், ஆளுக்குப் பயந்து மதிலை இடிக்கப் போவார்கள். நான் பேசிக்கொண்டே என் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுவேன். நாள் முழுக்க இதே வேலை. தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர், "மாஸ்டர், உங்களுக்கு ஒத்தச் செருப்பு வித்தாலே போதும்" என்று கிண்டல் செய்வார்.

போன வருடம் அவர் என் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், இப்ப இடதும் தேயுதே" என்றார். வயசாகிறது, நடை மாறிவிட்டது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வலது கால் பிரேக்குக்கு, இடது கால் கிளட்சுக்கு. இடது செருப்பு தேய்ந்தது என் மனைவிக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான்.

விபத்தைப் பற்றிய உங்கள் போலீஸ் அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினார்கள். வண்டியை ஓட்டியவர் புதிதாக உரிமம் வாங்கியவர், மலைச்சாலை பழக்கமில்லாதவர், இறக்கத்தில் கட்டுப்படுத்தத் தெரியாமல் பாறையில் மோதினார் என்று இருந்தது. அதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. யாரும் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவில்லை. நானாகத்தான் வந்தேன். ஒரு நல்ல ஓட்டுநரைப் பற்றித் தப்பாக எழுதிவைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்துவதே தெரியாமல் எடுப்பாள் என்று அவளிடமே வந்து வரிசையில் நிற்பார்கள். "வேற பக்கம் பாருங்க" என்பாள். அவர்கள் திரும்புவதற்குள் முடிந்திருக்கும். எங்களுக்குக் குழந்தை இல்லை. எனக்கு நண்பர்கள் என்றும் பெரிதாக யாருமில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பேன். அவள் கைப்பையை மடியில் போட்டுக்கொண்டு, அன்றைக்கு யார் மயங்கி விழுந்தார், பெரிய டாக்டர் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று வீடுவரை சொல்லிக்கொண்டே வருவாள். எனக்கு ஒரு நாள் என்பதே அந்தக் கொஞ்ச தூரம்தான். இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

வண்டி பழக வேண்டும் என்று கேட்டது அவள்தான். "ஊருக்கெல்லாம் கத்துக்கொடுக்கறீங்க, கட்டினவளுக்குக் கிடையாதா?" என்றாள். பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் ஆரம்பித்தோம். முதல் நாளே வண்டி சீறிக்கொண்டு சுவரைப் பார்த்துப் போனது. நான் பிரேக்கை மிதித்தேன். அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மாடி, நீங்க இல்லன்னா அவ்வளவுதான்" என்றாள். விரல் நகம் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பிடித்ததே இல்லை.

ஆனால் அவள் கெட்டிக்காரி. சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். கை நடுங்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. என் வலது காலுக்கு வேலை போய்விட்டது. ஒரு சாயங்காலம் மேம்பாலத்து ஏற்றத்தில் என் இடது கால் தானாகக் கிளட்சில் இறங்கியது. தானாக என்று அப்போது நினைத்தேன். கிளட்ச் அமுங்கினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது, பின்னால் உருளும். என் பெடலை அழுத்தினால் அவள் பெடலும் கீழே போகும், ஆனால் கால் அதன் மேல் இல்லாதவருக்கு அது எப்படித் தெரியும்? பயந்துபோனாள். நான் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன். மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தேன். சேதாரம் எதுவும் இல்லை. அவளுக்குக் கொஞ்சம் படபடப்பு, எனக்குக் கொஞ்சம் நிம்மதி. "எனக்கு இது வராதுங்க" என்று சோர்ந்துபோய்ச் சொல்வாள். "வராட்டி என்ன, நான் இருக்கேன்ல" என்பேன். உரிமத் தேர்வுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம், இன்னும் பக்குவம் வரவில்லை என்று தள்ளிப்போட்டேன். எத்தனையோ பேரைத் தேர்ச்சி பெற வைத்தவன் சொன்னால் அவள் நம்பத்தானே செய்வாள்?

இப்படி இருக்கும்போதுதான் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். பரிசோதனைக் கூடம் முழுக்க அவள் பொறுப்பு. குடியிருக்க வீடும் தருகிறார்களாம். சொல்லும்போது அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நல்ல விஷயம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"ஊரைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம், வாங்க. கல்யாணமானதிலிருந்து நாம ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயாவது தூரமா போயிருக்கோமா?" என்றாள். உண்மைதான். என் மச்சான் வீட்டைத் தாண்டி நாங்கள் எங்கும் போனதில்லை. எங்களிடம் இருந்தது டிரைவிங் ஸ்கூல் வண்டி ஒன்றுதான். கூரையிலிருந்த பயிற்சிப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு அதிலேயே கிளம்பினோம். மலையில் குளிரும் என்று எனக்கு ஒரு பச்சை ஸ்வெட்டர் வாங்கியிருந்தாள். விட்டுவிட்டுப் போகிறவள்தான் இப்படியெல்லாம் வாங்கிக் கொடுப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் சோறு இறங்கவில்லை, ஐயா. பயம்தான். அதற்கு வேறு பெயர் வைத்து உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

சமவெளி முழுக்க நான் ஓட்டினேன். அவள் பாட்டென்று நினைத்துக்கொண்டு எதையோ இழுத்தாள், பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள், முன்னால் போன லாரிகளின் பின்னால் எழுதியிருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்தாள். "அந்த ஊர்ல ஒரு டிரைவிங் ஸ்கூல்கூட இல்லையாம், தெரியுமா?" என்றாள். என் தொழிலைக் கிண்டல் செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். 

மலையடிவாரத்தில் ஒரு கடையில் நிறுத்தினோம். அங்கேதான் அவள் கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஓட்டுநர் உரிமம். படத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆம்புலன்ஸ் ஓட்டுற அண்ணன் இருக்காருல்ல, மத்தியானத்துல அவரோட வண்டியில பழகினேன். முதல் தடவையே பாஸ். உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதுதான் பெரிய கஷ்டம்."

"நல்லது" என்றேன்.

"அதிசயம் என்னன்னா, அவரோட வண்டியில ஒருதடவைகூட எனக்கு அந்த மாதிரி பின்னால உருளவே இல்லைங்க. நம்ம வண்டிக்குத்தான் ஏதோ கோளாறு. கிளட்ச் கேபிளை மாத்தச் சொல்லும்மான்னு அண்ணன் சொன்னாரு."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சந்தேகம் எதுவும் இல்லை. கேபிள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மாற்றிவிடலாம் என்று சொல்லிச் சாவியை அவளிடம் கொடுத்தேன்.

எப்படி ஓட்டினாள் என்று சொல்ல வேண்டும். அறிக்கையில் அது இல்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள். பின்னால் ஏறி வருகிறவனுக்கு வழி விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாறையையும் பள்ளத்தையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன், வாடகைக் காரில் வருகிறவன் மாதிரி. ஒரு செங்குத்தான திருப்பத்தில் கிளட்சை மிதித்துப் பார்த்தேன். வண்டி பின்னால் உருண்டது. அவள் அலறவில்லை. பிரேக்கை மிதித்தாள், கை பிரேக்கை இழுத்தாள், மூச்சு விட்டாள், நிதானமாக மறுபடி எடுத்தாள். "பாத்தீங்களா மாஸ்டர்?" என்று சிரித்தாள். அப்புறம், "உங்க கால் தெரியாம பட்டுச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

உச்சியில் நிறுத்தி அவள் படம் எடுத்துக்கொண்டாள். நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது. கீழே அந்த ஊர் தெரிந்தது, ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிந்தது. இனி இறக்கம் மட்டும்தான், அதுவும் கொஞ்ச நேரம். அது முடிந்தால் அவளுக்கு என்னால் ஆக வேண்டியது ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. அவளே ஓட்டிக்கொண்டு போவாள், வருவாள். இறங்கும்போது என் மனதில் இது ஒன்றுதான் ஓடியது.

இரண்டாவது கியரில் இறங்கினாள். அதுதான் சரியான முறை. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு அதிகம் வேலை இருக்காது. நான் கிளட்சை அழுத்தினேன். இன்ஜின் சத்தம் அடங்கியது, வண்டி வேகம் எடுத்தது. அவள் பிரேக் பிடித்தாள். கொஞ்சம் விட்டால் மறுபடி வேகம், மறுபடி பிரேக். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. நான் காலை எடுக்கவில்லை.

"ஏங்க, கிளட்ச் கீழயே நிக்குதுங்க. கேபிள் போயிடுச்சுபோல" என்றாள்.

"பதறாதே" என்றேன்.

பிரேக் தீயும் வாடை வந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த வாடை. சூடேறினால் பிரேக் பிடிக்காது என்று முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுப்பவன் நான். என் பக்கத்துப் பெடலும் ஓட்டுகிறவர் பெடலும் இழுப்பது ஒரே பிரேக்கைத்தான் என்பதையும் சொல்லிக்கொடுப்பேன். வாய்க்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் என் கால் மிதித்து நிற்காத வண்டி கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் காத்திருந்தேன்.

எதற்குக் காத்திருந்தாய் என்று கேட்பீர்கள். அவள் கூப்பிடுவதற்கு. நீங்க இல்லன்னா அவ்வளவுதான் என்று ஒரே ஒரு முறை. அவள் கூப்பிடவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தானே சமாளிக்கப் பார்த்தாள். கை பிரேக்கை இழுத்தாள், அது வெறுமனே மேலே வந்தது. நான் காலை எடுத்திருந்தால் இன்ஜின் மறுபடி பிடித்திருக்கும். அது எனக்குத் தெரியும். எடுக்கவில்லை.

கடைசியில் கூப்பிட்டாள். "மாஸ்டர், பிடிங்க. உங்க பிரேக்கைப் பிடிங்க."

மிதித்தேன். பெடல் அடிவரை போனது. வண்டி நிற்கவில்லை.

ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பாறை. பாறை அவள் பக்கம். அவள் தன் பக்கமாகத் திருப்பினாள். தெரியாமல் திருப்பியதில்லை, ஐயா. திருப்புவதற்கு முன்னால் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பச்சை ஸ்வெட்டரில் கண்ணாடித் தூள் மட்டும் ஒட்டியிருந்தது.

அவளை எந்த ஆஸ்பத்திரிக்கு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்களோ அங்கேயே படுக்க வைத்தார்கள். சில நாள் நினைவோடு இருந்தாள். ரத்தம் எடுக்க ஒரு பெண் வந்தபோது, "நீங்க வேற பக்கம் பாருங்க, உங்களுக்கு ரத்தம்னா ஆகாது" என்றாள் என்னிடம். அப்புறம் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்க. கேபிளை மாத்திட்டுக் கிளம்பலாம்னு நான் வீட்டிலேயே சொல்லியிருக்கணும். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று அழுதாள்.

பரவாயில்லை, விடு என்றேன். மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு முழுக்க என் கையை விடவே இல்லை.

அவள் கண்ணை மூடி, எல்லாம் முடிந்த பிறகு தலைமை நர்ஸம்மா என்னிடம் வந்தார். "நீங்கதான் டிரைவிங் மாஸ்டரா? உங்களுக்காக ஒரு மைதானம் கிடைக்குமான்னு அவங்க போன்ல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பின்னாடி ஒண்ணு பார்த்து வெச்சிருந்தோம் சார்" என்றார். ஜன்னல் வழியே காட்டினார். நல்ல சமமான இடம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது. இதை அவள் என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சுற்றி வளைத்துப் பேசுவது அவள் பழக்கம்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கிளட்சை மிதித்தது நான். தெரிந்தே மிதித்தேன். அந்த வளைவுகள் முழுக்கக் காலை எடுக்காமல் வைத்திருந்தேன். அவள் நன்றாக ஓட்டினாள். பழக்கமில்லாதவர் என்ற வரியை அடித்துவிடுங்கள். கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் அவளிடம் நான் கண்ட குறை ஒன்றுதான். இன்னும் ஒரு வளைவு முன்னாலேயே என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.