முதுகு உயரத்தில் ஒரு துவாரம்

காபி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. நாற்காலியை மட்டும் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் இப்போதெல்லாம் உட்கார முடிவதில்லை.

இந்த டூரின் நகரில் நான் கலைப்பொருள் கேலரி திறந்தபோது, துருப்பிடித்த இரும்பையும் கந்தல் சாக்கையும் கலை என்று விற்கிறேன் எனச் சிரித்தார்கள். பிறகு அவர்களே வரிசையில் வந்து வாங்கினார்கள். நெவியோ த்ராஸ்காவை ஆளாக்கியதும் நான்தான். அவன் தன் உடம்பையே படைப்பாக வைப்பவன். போன வருடம் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கேட்டுக் கெஞ்சினான். என் கேலரிக்கு வழக்கமாக வரும் டாக்டர் பலெஸ்த்ரா மனம் கேளாமல் ஒரு தம்ளர் நீட்டிவிட்டார். கெஞ்சுவதுதான் படைப்பு என்பது கூடத் தெரியாதவர் என்று ஊரே அவரைக் கேலி செய்தது. எங்கள் கூட்டத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

இந்த வருடம் சுவர். திறப்பு விழா நடக்கும்போதே கொத்தனார் அவனைச் சுற்றிச் செங்கல் எழுப்பி, தலைக்கு மேலும் மூடிப் பூசிவிடுவார். உள்ளே முக்காலியில் நெவியோ. அவன் மூச்சு விட, வாய்க்கு நேராக ஒரே ஒரு சின்னத் துவாரம். விருந்தினர் போனதும் உடைத்து வெளியே எடுப்பதாகப் பேச்சு.

அன்று காலையில் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஒட்டாவியோ, உங்ககூட இதுதான் கடைசி. மிலான்ல ஒரு கேலரில கூப்பிடுறாங்க. உங்க மத்த கலைஞர்களும் என்கூட வர்றாங்க. கோவிச்சுக்காதீங்க."

"நல்லா இருப்பா" என்றேன். இந்த வயதில் வெறும் சுவர்களோடு தனியாக நிற்கப்போகிறேன் என்ற பயம். அவ்வளவு பயத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

மாலையில் நல்ல கூட்டம். வருபவர்களை வரவேற்கச் சுவரருகே நின்றேன். கால் வலித்தது, சாய்ந்துகொண்டேன். துவாரம் சரியாக என் நடுமுதுகு உயரத்தில் இருந்தது. எங்கள் ஊர்க் குளிருக்குப் போடும் கம்பளிக் கோட்டு கனமானது. ஆனாலும் அவன் மூச்சின் சூடு தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. கூட்டம் கை தட்டியது. அவன் மனைவி டெல்ஃபினா ஓடிவந்தாள்.

"தட்டுறதா அவர் எங்கிட்ட சொல்லவே இல்லையே. எனக்குப் பயமா இருக்கு. உடைக்கச் சொல்லுங்க."

"உன்கிட்டச் சொல்லிட்டா உன் முகத்துல இந்தப் பயம் வருமாம்மா? கையை வைக்காதே, எல்லாம் கெட்டுடும்" என்றேன்.

அவள் டாக்டரைப் பார்த்தாள். அவர் கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "போன தடவ பட்டது போதும்மா. இனிமே நான் ஏமாற மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். அப்போது துவாரத்தின் வழியாக ஒரு விரல் வந்து என் முதுகைத் தள்ளியது. மெதுவாகத்தான் தள்ளியது. நான் நகரவில்லை. பிறகு விரல் சும்மா இருந்தது. சூடும் நின்றுவிட்டது.

கடைசியில் கொத்தனாரின் சுத்தியலைப் பிடுங்கி டெல்ஃபினாதான் உடைத்தாள். உள்ளிருந்து அவன் உயிரில்லாமல் சரிந்தான். அப்போதும் பாதிப்பேர் கை தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

துவாரத்தை அடைத்தது நான்தான். தெரிந்தேதான் அடைத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். என் முதுகில் அந்த விரல் இன்னும் இருக்கிறது, தூங்க முடியவில்லை. ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். படைப்பை யாரும் தொடக்கூடாது என்பது என் கேலரியின் விதி. அவன்தான் என்னைத் தொட்டான், ஐயா. நான் அவனைத் தொடவே இல்லை.