அறுபத்தெட்டு கிலோ

வேணாம் தம்பி, சேரெல்லாம் வேணாம். உக்காந்தேன்னா எந்திரிக்க நேரமாவும். நின்னுட்டே கேக்கறேன். உங்க ஜிம்முல அந்தக் கம்பில மாட்டி வெச்சிருக்கீங்களே, அது எத்தன கிலோ? இருபதா? அதத் தூக்க எனக்கு எத்தன நாளாவும்? சிரிக்காதீங்க, சீரியஸா கேக்கறேன்.

எனக்கா? வர்ற ஆகஸ்ட்டுல அறுபத்தேழு. பேரு ரத்தினபாய். இங்கதான், அஸ்தினாபுரம், சர்ச்சுக்குப் பின்னாடி தெரு. சுகர் இல்ல, பிரஷருக்கு மட்டும் ஒரு மாத்திரை. முட்டி வலியா? அது இல்லாம இந்த வயசுல எவ இருக்கா?

ஐயோ, வெயிட் குறைக்க வரல தம்பி. இன்னும் குறைஞ்சா காத்துல பறந்துடுவேன். ரெண்டு வருஷத்துல பதினோரு கிலோ போச்சு. சர்ச்சுல பொம்பளைங்க எல்லாம், என்ன ரத்தினம் சிக்குன்னு ஆயிட்டன்னு ஒரே புகழ்ச்சி. நானும் ஈன்னு இளிச்சிட்டு நின்னேன். போன மாசம் டாக்டரம்மா என் தொடையப் புடிச்சுப் பாத்துட்டு, போனது கொழுப்பு இல்லம்மா, சதைன்னாங்க. வயசானா சதை தானா கரையுமாமே? ஒழுங்கா சாப்பிடாம, பளுவும் தூக்காம இருந்தா இன்னும் வேகமாப் போகுமாமே? நெஜமாவா?

வாக்கிங் போறேனே, தெனம் முக்கா மணி நேரம். அது மட்டும் பத்தாதா? டாக்டரம்மாவும் இதேதான் சொன்னாங்க.

சாப்பாடு... சொன்னா திட்டக்கூடாது. எங்க வீட்டுக்காரர் எட்மண்ட், ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருந்தவரு. ரெண்டு வருஷம் முன்ன ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. அப்ப லெந்து நாளு, ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோன்பு. லெந்துல எங்க வீட்ல கறி மீன் தொடமாட்டோம். ஆஸ்பத்திரி வராண்டாலயே பொருத்தனை பண்ணிட்டேன், ஆண்டவரே, இவரு எந்திரிச்சு நடக்கற வரைக்கும் கறி மீன் முட்டை எதுவும் வாயில வைக்கமாட்டேன்னு. ஈஸ்டருக்கு ஊரே பிரியாணி சாப்பிட்டுது, நான் கஞ்சி குடிச்சேன். இன்னும் அதே கஞ்சி, ஊறுகா, ராத்திரி டீயில ரெண்டு ரஸ்க்கு. பயறு, பாலெல்லாம் பொருத்தனைல வராது, சரிதான். ஆனா அவருக்கு ஊட்டி, துடைச்சு, மாத்திரை குடுத்து முடிச்சப்பறம் எனக்குன்னு சுண்டல் ஊறவைக்க எங்க தெம்பு? அவரு எந்திரிக்கணும்னுதான் தம்பி விட்டேன். இப்ப அவரத் தூக்க எனக்கு பலம் இல்ல. இத எந்தச் சுவத்துல போய் முட்டிக்கறது?

பயமா இருக்கு. கட்டில்லேர்ந்து சேருக்கு, சேர்லேர்ந்து பாத்ரூமுக்கு, ஒரு நாளைக்கு எட்டு வாட்டி. என் காலு நடுங்கறது அவருக்கும் தெரியுது. முன்னெல்லாம் என் தோளப் புடிப்பாரு. இப்ப சுவத்தப் புடிக்கறாரு.

ஆள் வெச்சோமே! நாலு பேரு வந்தாங்க, இவரு கத்தின கத்துல நாலு பேரும் ஓடிட்டாங்க. பொண்ணு ஹெப்சி மஸ்கட்ல இருக்கா. பக்கத்து வீட்டு சுகுமார் வந்து தூக்கிட்டு இருந்தான். அவன் ஸ்கூல்ல இவர்கிட்ட ஓட்டப்பந்தயம் ஓடுனவன். ஒரு நாளு, இவரு வேட்டி அவுந்து கெடக்கறப்ப உள்ள வந்துட்டான். அன்னிலேர்ந்து ஒரே அடம். எங்கிட்ட படிச்சவன் எவனயும் உள்ள விடாத, விட்டா தண்ணிகூடக் குடிக்கமாட்டேங்கறாரு. சொன்னா செய்வாரு. இந்த ஏரியால அவர்கிட்ட படிக்காதவன் யாரு, சொல்லுங்க?

சரி, மாசக்கணக்காவும்ங்கறீங்க. மொதல்ல சேர்ல உக்காந்து உக்காந்து எந்திரிக்கறது, அப்பறம் சின்ன வெயிட்டு. கூடவே பருப்பு, பயறு, தயிரு. செய்யறேன் தம்பி, சத்தியமா செய்யறேன். இன்னிக்கு மட்டும் எப்படிப் புடிச்சா தூக்கலாம்னு ஏதாவது வழி காட்டுங்களேன்? அறுபத்தெட்டு கிலோதான்.

ஆமா, நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்க? தேனியா! ஸ்தோத்திரம் ஆண்டவரே. அப்ப அவருக்கு உங்களத் தெரியாது. ஒரு அஞ்சு நிமிஷம் வீட்டுக்கு வர்றீங்களா தம்பி? காலைல ஆறு மணிக்கு பாத்ரூம்ல சறுக்கி விழுந்துட்டாரு. ரத்தம் கித்தம் இல்ல, நல்லா பேசறாரு. மூணு வாட்டி தூக்கிப் பாத்தேன். மூணாவது வாட்டி நானும் அவர் மேலயே விழுந்துட்டேன். தலைக்குத் தலகாணி வெச்சு, மேல போர்வையப் போத்திட்டு, பால் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டு ஓடியாந்தேன். இப்ப மணி என்ன, ஏழரையா? போற வழில ஒரு பால் பாக்கெட் வாங்கிக்கறேன் தம்பி, இல்லன்னா பொய் சொன்னேன்னு கண்டுபுடிச்சுடுவாரு.