நகிமா சொன்ன பதில்

எங்க, இதுக்குப் பதில் சொல்லுங்க பாப்போம். எல்லாரையும் மலை மேல கொண்டுபோய் விடும். திரும்பக் கீழயும் கொண்டுவந்து சேர்க்கும். ஆனா அது மட்டும் இருந்த இடத்தை விட்டு ஒரு அடி நகராது. அது என்ன?

கழுதையா? நகராத கழுதையை எங்க தம்பி பாத்தீங்க. சரி சரி, ஒண்ணு இருக்கு. காலைச் சுளுக்கிக்கிட்டு என் எதிர்லயே உக்காந்திருக்கு. கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன். யோசிங்க, அவசரமே இல்லை. மழை நிக்கிறவரைக்கும் நமக்கு வேற என்ன வேலை.

அந்தக் காலை இப்படிச் சாக்கு மேல தூக்கி வைங்க. தொங்கவிட்டா இன்னும் வீங்கும். இந்தாங்க, இதை வாயில போடுங்க. சுர்ப்பிதான், காஞ்ச பாலாடைக்கட்டி. லோப்சங் அண்ணன் மாட்டுக் கொட்டகைல கூரைக்குப் பஞ்சம் உண்டு, இதுக்குப் பஞ்சம் கிடையாது. கடிக்காதீங்க. கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டா அதுவா கரையும். உங்க கூட்டத்துக் கணக்கு வாத்தியார் முந்தாநாள் ஒரே கடியா கடிச்சுட்டு, வாய்ல இருக்கிறது கட்டியா தன் பல்லான்னு தெரியாம முழிச்சாரே, பாத்தீங்கல்ல.

அவங்களைப் பத்தி ஏன் கவலைப்படுறீங்க? பாலம் போறதுக்கு முன்னாடியே எல்லாரும் தாண்டியாச்சு. ரண்தோஜ் பழைய வழிகாட்டி, பத்திரமா இறக்கிட்டிருப்பான். இந்நேரம் கீழ பஜார்ல உக்காந்து சுடச்சுட துக்பா சூப்பு குடிச்சுக்கிட்டு நம்ம ரெண்டு பேரையும் பேசிக்கிட்டிருப்பாங்க. ஆத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டது நாமதான். லோப்சங் அண்ணன் விடிஞ்சதும் கிளம்பிட்டாரு, மேலால சுத்திப் போய்க் கயிறும் ஆளும் கொண்டுவர. எப்ப வருவாரா? வரும்போதுதான். மலைல எதைக் கேட்டாலும் என்கிட்ட ஒரே பதில்தான், இத்தனை நாள்ல உங்களுக்கே பழகியிருக்குமே. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

நாமளும் அவர் பின்னாடியே போயிருக்கலாமா? அது மாடு ஏறுற தடம் தம்பி. இந்தக் காலோட நீங்க ஏறுற தடம் இல்லை. வந்த வழியும் இல்லை இப்ப. நேத்து ராத்திரி இடி மாதிரி ஒரு சத்தம் கேட்டு எந்திரிச்சு உக்காந்தீங்களே, அது இடி இல்லை, மலை சரிஞ்சது. பயமுறுத்த வேண்டாம்னு இடின்னு சொன்னேன். முன்னாடி ஆறு, பின்னாடி மண்ணு, தலைக்கு மேல மழை. உக்காந்திருக்கிறதுதான் வேலை.

நான் எதுக்கு இந்த மழைல வெளிய போய்ப் போய் வர்றேனா? சும்மாதான். தண்ணி எறங்கியிருக்கான்னு பாக்க. கொஞ்சம் அந்த உப்பு மூட்டையைத் தள்ளுங்க, கணுக்கால்ல அட்டை ஏறியிருக்கு. இந்தா விழுந்துடுச்சு. பாருங்க, என் ரத்தத்தைக் குடிச்சுட்டு எவ்வளவு திமிரா நெளியுது.

விடுகதையை மறந்துட்டீங்களா? தெரியலையா? பாதை. அட, பாதைதான். எல்லாரையும் கொண்டுபோகும், கொண்டுவரும், அது அங்கயேதான் கெடக்கும். படிச்சவங்களுக்கு வராது இதெல்லாம். நகிமாகிட்டப் போட்டேன், போட்ட உடனே சொல்லிடுச்சு. சொன்னதோட விடல. அப்ப பாதை நல்லது அக்கா, எல்லாரையும் அனுப்பிட்டு அது நம்ம வாசல்லயேதானே இருக்கு, நீங்கதான் போயிடுறீங்க அப்படிங்குது. ஆறு வயசு.

நகிமாவைத் தெரியாதா உங்களுக்கு? குராஸ் கணவாய்ல விடுதியில தங்கினோமே, அங்க உங்க தொப்பியைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆட்டுப்பட்டி பக்கமா ஓடுச்சே ஒரு வாலு. அதேதான். என் பொண்ணு.

ஆமா தம்பி, என் பொண்ணுதான். எதுக்கு இப்படிப் பாக்குறீங்க. வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் பாப்பாங்க. விடுதிக்காரம்மா பொண்ணுன்னு நெனச்சீங்க, இல்ல? நெனக்காம என்ன பண்ணுவீங்க. அவங்க இடுப்புத் துணியைப் பிடிச்சுக்கிட்டு அம்மா அம்மான்னு அடுப்படியையே சுத்திச் சுத்தி வந்துச்சு. என்னை அக்கான்னுச்சு.

அந்தம்மா பேரு தன்சரி. என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம், எனக்கு ஓரகத்தி. அவங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளைக்கு அவங்க பெரியம்மா முறை.

நகிமா தவழ்ந்துக்கிட்டிருந்தப்ப அதோட அப்பா காய்ச்சல்ல போயிட்டாரு. இந்தப் பேரு கூட அவர் வச்சதுதான். நகிமான்னா காட்டுல பூக்குற பூ, கசப்பா இருக்கும், ஊறுகாய் போடுவோம். பிள்ளைக்குக் கசப்புப் பூ பேரான்னு கேட்டதுக்கு, இனிப்பைத் தின்னுட்டு மறந்துடுவாங்க, கசப்பை யாரும் மறக்க மாட்டாங்கன்னாரு. அவர் வழிகாட்டியா இருந்தாரு. எனக்கும் இந்தப் பாதைதான் தெரியும். அவர் கூட்டிக்கிட்டுப் போன மாதிரியே நானும் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போக ஆரம்பிச்சேன். பூ பூக்குற காலத்துல கொஞ்ச மாசம், தசைன் பண்டிகை முடிஞ்சு கொஞ்ச மாசம். பிள்ளை விடுதியில தன்சரிகிட்ட.

ஒவ்வொரு கூட்டத்தையும் அங்கதான் தங்க வைப்பேன். பிள்ளையைப் பாத்துட்டுப் போகலாம்ல. அங்க வந்ததும் உங்க மாதிரி ஆளுங்க என்ன பண்ணுவீங்க? அக்கா தண்ணி. அக்கா இன்னும் எவ்வளவு ஏத்தம். அக்கா என் சாக்ஸ்ல அட்டை. பிள்ளை காதுல விழுந்தது பூரா அதுதான். பேச ஆரம்பிச்சப்ப அதுவும் அக்கான்னுச்சு. கூட்டம் பூரா சிரிச்சுச்சு. நானும்தான் சிரிச்சேன். அழகா இருந்துச்சு தம்பி கேக்க.

தன்சரி மட்டும் சிரிக்கல. அடியே, அது அக்கா இல்லைடி, உன் அம்மாடி, நான் உனக்குப் பெரியம்மான்னு அப்பவே சொன்னாங்க. பெரியம்மான்னு சொல்லு, பெரியம்மான்னு சொல்லுன்னு தெனமும் சொல்லிக் கொடுத்தாங்க. பிள்ளை வாய்ல பெரியங்கிறது நுழையல. முன் பாதி உதிர்ந்துபோச்சு, பின் பாதி நின்னுக்கிச்சு.

இப்பவும் விடாம சொல்லித்தான் குடுக்கிறாங்க, அவங்களைக் குறை சொல்லக் கூடாது. நானே கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டிருக்கேன். சோறு ஊட்டுவாங்க. உங்க அம்மா எங்க போயிருக்காங்க, ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போயிருக்காங்க, வரும்போது உனக்கு என்ன கொண்டுவருவாங்கன்னு கேட்டுக்கிட்டே ஊட்டுவாங்க. பிள்ளை எல்லாத்துக்கும் தலையாட்டும். அடுத்த வாய்க்கு, அம்மா தண்ணி குடுங்கும். என்னை நீங்கன்னு மரியாதையாப் பேசும். அவங்களை நீ, வா, போ.

எனக்கு வருத்தமான்னு கேக்காதீங்க. மரியாதை குடுக்குற பிள்ளை யாருக்குக் கிடைக்கும்.

இப்ப என்ன ஆச்சுன்னா, தன்சரி வீட்டுக்காரருக்கு மூச்சு இரைப்பு. மலைக்குளிர் ஒத்துக்கல. விடுதியைக் குத்தகைக்கு விட்டுட்டுக் கீழ சமவெளிக்கே போறோம், பிர்தாமோட்ல கடை வைக்கப்போறோம்னுட்டாங்க. பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போறோம், அங்க பெரிய பள்ளிக்கூடம், எங்க பேர்லயே எழுதி வளக்குறோம்னாங்க. நான் விடல. பஜார்ல ஒரு ரூம் பிடிச்சுட்டேன். தேயிலை ஃபாக்டரில இலை பிரிக்கிற வேலைக்கும் சொல்லி வச்சாச்சு. காலைல போனா சாயங்காலம் வீடு. மலையும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். நீங்கதான் என் கடைசிக் கூட்டம், தெரியுமா? கடைசிக் கூட்டத்துல கடைசி ஆளு நீங்க. நொண்டிக்கிட்டு வர்றதுல.

சண்டையா? சண்டைன்னு சொல்ல முடியாது. ஒரே அடுப்புல ரெண்டு பேரும் சமைப்போம், ஒருத்தருக்கொருத்தர் பேச மாட்டோம். உப்பு வேணும்னா பூனைகிட்டக் கேப்பேன், அவங்க எடுத்து வைப்பாங்க.

கடைசில விஷயம் வார்டு தலைவர்கிட்டப் போச்சு. புதுசா வந்தவரு, பஜார் ஆளு. நல்ல மனுஷன்தான். நீங்க ரெண்டு பேரும் பேசினா இது முடியாது, பிள்ளையையே கேட்டுடுவோம், கீழ்ப் பள்ளிக்கூடத்துல வச்சு, நாலு பேர் முன்னாடின்னாரு. நாள் குறிச்சாரு. நம்ம கூட்டம் இறங்கற மறுநாள் காலைலன்னு நான்தான் கேட்டு வாங்கினேன்.

கணக்குப் போட்டுட்டீங்களா. ஆமா. இன்னைக்குக் காலைல.

நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க. உங்களை விட்டுட்டு நான் பாலம் தாண்டியிருக்கணுமா? ஆளை வழில விட்டுட்டு வந்தவன்னு ஒரு பேரு வாங்கிட்டா இந்த மலைல அந்தப் பேரு சாகுற வரைக்கும் போகாது. அதுவும் வேண்டாம். எனக்கு மனசு வரல, அவ்வளவுதான். நீங்க அந்தச் சிவப்புப் பாண்டா பின்னாடி போகாம இருந்திருந்தா நேத்து மதியமே தாண்டியிருப்போம், நெஜம்தான். போகாம இருந்திருந்தாங்கிற கம்பை ஊணிக்கிட்டு ஒரு படி ஏற முடியுமா? போட்டோவாவது விழுந்துச்சா. வால் மட்டுமா? சரி, வாலாவது விழுந்துச்சே.

தன்சரியும் வீட்டுக்காரரும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நேர் வழியா மழைக்கு முன்னாடியே இறங்கிட்டாங்க. நாமதான் உச்சியைச் சுத்திக்கிட்டு வந்தோம். நாள் தள்ளி வைங்கன்னு நேத்தே போன் போட்டுப் பாத்தேன், வெளிய அந்தக் கருப்புப் பாறை மேல ஏறி நின்னாதான் போன் எடுக்கும். அதுக்குத்தான் போய்ப் போய் வந்தேன், வேற ஒண்ணுமில்லை. தலைவர் சொன்னாரு, எல்லாரும் வந்தாச்சும்மா, கேக்கப்போறது பிள்ளையைத்தானே, உன்னை இல்லையேன்னாரு. நியாயம்தான்.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல டீக்கடை வச்சிருக்கிற கோமாகிட்டச் சொன்னேன். ஜன்னல் பக்கம் நின்னு கேட்டுச் சொல்லுடின்னு. போன்ல பேசிட்டா. உங்களுக்கு டீ போட்டுக் குடுத்துட்டு ஒரு தடவை வெளிய போனேனே, அப்பவே.

ஆமா, விடுகதை போடுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். உங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமத்தான் அதைப் போட்டேன்.

எனக்குத்தான் ஆச்சு. ஜஸ்மாயா, பிள்ளை உனக்குத்தான்டி, வந்ததும் எனக்குச் செல்ரொட்டி சுட்டுப் போடணும்னு ஒரே சந்தோஷம் அவளுக்கு. இருங்க தம்பி, கை குடுக்காதீங்க. கொஞ்சம் இருங்க. முழுசாச் சொல்லிடறேன்.

பெரியவங்க மூஞ்சியைப் பாத்துப் பிள்ளை பதில் சொல்லக் கூடாதுன்னு தன்சரியையும் அவங்க வீட்டுக்காரரையும் தலைவர் வாசலுக்கு வெளிய நிக்க வச்சுட்டாராம். உள்ள இருந்தது பூரா கீழூர் ஆளுங்க. விடுதிக்கு வந்தவங்க யாருமில்லை. எங்க வீட்டுல யாரு யாரை என்ன சொல்லிக் கூப்பிடுறோம்னு அவங்களுக்கு என்ன தெரியும். பதிலைக் கேட்டதும் தலைவர், முடிஞ்சது, பிள்ளையே சொல்லிடுச்சு, பெத்தவகிட்டத்தான் போகணும்னாராம். வெளிய நின்ன தன்சரி வீட்டுக்காரரு, ஐயா அப்படி இல்லைன்னு வாயைத் தொறந்தாராம். தன்சரி அவர் கையைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்தினாங்களாம். அவரு வாயை மூடிக்கிட்டாரு.

அது எதுக்குன்னு கோமாவுக்குப் புரியல. தோத்துப்போன துக்கம்னு நெனச்சுக்கிட்டா. இப்ப தன்சரி தன் பையிலேர்ந்து பிள்ளை துணியை ஒவ்வொண்ணா எடுத்து மடிச்சு வேற பையில வச்சுக்கிட்டிருக்காங்களாம். பிள்ளை பக்கத்துல உக்காந்து பொத்தானைப் போட்டுக் குடுத்துக்கிட்டிருக்காம். ஊருக்குக் கிளம்புறோம்னு அதுக்கு ஒரே குஷியாம்.

கீழ போய் நான் என்ன சொல்லப்போறேனா? தெரியல தம்பி. காலைலேர்ந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இந்த மழை எப்ப நிக்கும்னு நீங்க கேக்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நேரம் பெய்யட்டும்னுதான் எனக்குத் தோணுது.

அந்தா, மேட்டுல யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு. லோப்சங் அண்ணன்தான். ஆளுங்க வந்துட்டாங்க. மெதுவா எந்திரிங்க, என் தோளைப் பிடிச்சுக்குங்க.

என்ன சொல்லுச்சா? தலைவர் அதைத் தூக்கி மேசை மேல உக்கார வச்சு, பாப்பா நீ யாருகூட இருக்கப்போறேன்னு கேட்டாராம். பதில் சொல்லுச்சாம். நல்லா யோசிச்சுச் சொல்லும்மான்னு இன்னொரு தடவையும் கேட்டாராம்.

ரெண்டு தடவையும் அம்மாகூடன்னு சொல்லுச்சாம்.