ஆடிட் முடியற வரைக்கும்

டிக்கெட்டா? காச உள்ள வைங்க தம்பி. இந்த பஸ்ல கண்டக்டரே கிடையாது, யார்கிட்ட வாங்குவீங்க? கொஞ்சம் நகந்துக்கோங்க, நானும் உக்காந்துக்கறேன்.

இல்ல இல்ல, இது மார்க்கெட் போகாது. ஸ்டேஷனும் போகாது. முன்னாடி போர்டு இருந்துச்சா? அது பழைய போர்டு, கழட்ட சோம்பேறித்தனம். வாடகைக்கு எடுத்த வண்டி இது. நீங்க பாட்டுக்கு சிக்னல்ல நின்ன பஸ்ஸப் பாத்து தாவி ஏறிட்டீங்க. உங்க மேல தப்பு இல்ல. நாங்களும் வாயப் பொளந்து பாத்துட்டே இருந்துட்டோம், இறங்குங்கன்னு ஒருத்திக்கும் சொல்லத் தோணல.

எங்க போகுதா? எங்கயும் போகல, அதான் விஷயமே. சுத்துது. சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். பைபாஸ்ல ஏறும், பாலத்த தாண்டும், பெரிய ஆஸ்பத்திரிய ஒட்டி வளையும், குடோனுங்க பக்கமா வந்து மறுபடியும் பைபாஸ். காலையில இருந்து இதே பொழப்பு. ஆஸ்பத்திரி கேட்டுல நிக்கற வாட்ச்மேனுக்கு எங்க மூஞ்செல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

கோவப்படாதீங்க. அங்க படியில உக்காந்திருக்காரு பாருங்க, கழுத்துல விசில் மாட்டிட்டு, அவரு எங்க சூப்பர்வைசர். நாங்க அவரையே விசிலுன்னுதான் சொல்லுவோம். கம்பெனிக்குள்ள வாயத் தொறந்து பேச மாட்டாரு, ஊதுவாரு. எந்த ஊதலுக்கு என்ன அர்த்தம்னு நாமதான் தெரிஞ்சுக்கணும். அவருக்கு கம்பெனில இருந்து போன் வந்தாத்தான் வண்டி நிக்கும். அது வரைக்கும் ஒருத்தரையும் இறக்கக் கூடாதுன்னு டிரைவருக்கு உத்தரவு. நீங்க ஏறினப்புறம்தான் அவரு படியிலயே குந்திட்டாரு. அந்த சிக்னல் பக்கமே இனி போகாதன்னும் சொல்லிட்டாரு. பின் கதவ கம்பி வெச்சு கட்டியிருக்கு. இனிமே ஒரு ஈ கூட ஏறாது, இறங்காது.

நாங்க ஷூ கம்பெனி. பெரிய பெரிய கம்பெனிக்காரங்க அவங்க பேரப் போட்டு விக்கறாங்கல்ல, அத தச்சு ஒட்டிக் குடுக்கறது நாங்க. எங்க, கால கொஞ்சம் தூக்குங்க. ம்ஹூம், இது எங்களுது இல்ல. எங்களுது வாங்கறவங்க பஸ்ல போக மாட்டாங்க.

இன்னிக்கு ஆடிட். கணக்குப் பாக்கற ஆடிட் இல்ல தம்பி, இது வேற. ஷூ வாங்கற இடத்துல இருந்து ஆள் வருவாங்க. வேலைக்காரங்கள எப்படி வெச்சிருக்காங்க, என்ன பசை தடவறாங்க, கழிவுத் தண்ணி எங்க போகுது, கக்கூஸ் கதவுக்கு தாப்பா இருக்கா, எல்லாம் பாப்பாங்க. நல்ல விஷயந்தான், நான் குறை சொல்ல மாட்டேன். போன வாரம்தான் தாப்பா வந்துச்சு. சோப்பு வந்துச்சு. சுவத்துல ஆள் உயரத்துக்கு போஸ்டர் ஒட்டியிருக்காங்க, சரக்கு குடுக்கற கம்பெனிங்க எப்படி நடந்துக்கணும்னு. அதுல ஒரு புள்ளத்தாச்சி நாற்காலில சாஞ்சு உக்காந்து சிரிச்சுட்டு இருப்பா. கர்ப்பமா இருக்கறவங்கள பசை பக்கம் விடக் கூடாது, உக்காந்து செய்யற லேசான வேலை குடுக்கணும்னு பக்கத்துலயே எழுதியிருக்கும்.

அத எழுதினவங்க நல்லா இருக்கட்டும். ஆனா எங்க முதலாளி மூளையப் பாருங்க. புள்ளத்தாச்சிய பசை மேஜைய விட்டு நகத்தச் சொன்னா, கம்பெனிய விட்டே நகத்திட்டாரு. அதுவும் இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். நாளைக்கு மறுபடியும் அதே மேஜை, அதே ஸ்டூல். இந்த பஸ்ல இருக்கற எல்லாமே அப்படி ஒரு கேஸுதான். சிலது மாசமா இருக்கறது. சிலது பேரே கம்பெனில இல்லாதது, காண்ட்ராக்ட்டுக்குள்ள காண்ட்ராக்ட். நானா? எனக்கு கை. பாருங்க, தோல் எப்படி உரிஞ்சிருக்குன்னு. இத வெச்சுட்டு அங்க நின்னா கையுறை எங்கம்மான்னு கேப்பாங்கல்ல? கையுறை எல்லாம் இன்னிக்கு வேற ஒருத்தி போட்டுட்டு நிக்கறா.

என்ன வாடையா? உங்க மூக்கு நல்லா வேலை செய்யுது. எங்களுக்கெல்லாம் அது செத்துப் போயி ரொம்ப நாளாச்சு. பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடியிருக்குல்ல, அது பசை டின். இந்தப் பசைய தடவக் கூடாது, தண்ணியில கரையற பசைதான் தடவணும்னு அதே போஸ்டர்ல இருக்கு. அது காய நேரம் ஆகும், இது சட்டுனு பிடிக்கும். அதனால ஆடிட் அன்னிக்கு தண்ணிப் பசை மேஜைக்கு வரும், இது எங்களோட ஊர் சுத்த வரும். ஜன்னலையும் தொறக்க விடல. வாடை வெளிய போனா ரோட்டுல போறவன் திரும்பிப் பாப்பானாம். உள்ள இருக்கறவ மூச்சு முட்டிக் கெடந்தா அத யாரு பாக்கறது?

இருங்க, வந்துடறேன்.

ம். ஒண்ணும் இல்ல. கடைசி சீட்டுல மூஞ்சி வரைக்கும் போத்திட்டு ஒருத்தி சாஞ்சு கெடக்கறா பாருங்க, அவளுக்கு தண்ணி குடுத்துட்டு வந்தேன். இருக்கற இடத்துல அந்த டின்னு பக்கந்தான் கெடச்சுது அவளுக்கு. என் ஓரகத்தி. வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். நான் போட்ட உப்பு அவளுக்குக் கரிக்கும், அவ துவைச்ச துணி எனக்கு அழுக்காத் தெரியும். ஏழு மாசம் இப்போ. முன்னாடி ரெண்டு தங்கல. இது தங்கியிருக்கு. பசை மேஜைக்குப் போகாதடி, கேட்டு வேற வேலை வாங்குன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டா, அப்போ வீட்டுலயே இருன்னு கம்பெனில சொல்றாங்க, நீங்களா சோறு போடுவீங்கன்னு என்கிட்ட எகிறினா. அவ சொன்னதும் நெஜந்தான. லேசான வேலை போஸ்டர்லதான் இருக்கு, கம்பெனிக்குள்ள எங்க இருக்கு?

நிறுத்தச் சொல்லலாமேன்னா... தம்பி, உங்களுக்கு இந்தக் கூத்து முழுசா தெரியாது. போன ஆடிட் அன்னிக்கு ஒருத்தி ஒண்ணுக்குப் போகணும்னு வண்டிய நிறுத்தி இறங்கினா. நேரம் பாருங்க, ஆடிட்டுக்கு வந்த அம்மாவோட காரும் அங்கயே வந்து நின்னுச்சு. யூனிபார்மப் பாத்துட்டு அந்தம்மா பேச்சு குடுத்தாங்க. இவளும் வெள்ளந்தியா எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டா. அந்தம்மா நல்லதுக்குத்தான் கேட்டாங்க, பாவம். ஆனா ஆர்டர் நின்னு போச்சு. மூணு மாசம் எல்லாரும் வீட்டுல ஈ ஓட்டினோம். முதலாளிக்கு என்ன கொறஞ்சுது, காரு மாறல, ஒண்ணும் மாறல. அவ கூட இன்னிக்கும் யாரும் முகம் குடுத்துப் பேசறதில்ல. அதனால வண்டி நிக்குதுன்னாலே இங்க எல்லாருக்கும் பயம். விசில விடுங்க, இவளுங்களே நிறுத்த விட மாட்டாளுங்க.

உங்களப் பாத்தும் அதே பயந்தான். நீங்க ஏறினதும் பஸ்ஸே கப்சிப்னு ஆச்சே, கவனிச்சீங்களா? அது வரைக்கும் ஒரே இரைச்சல். நீங்க ஆடிட்காரங்க அனுப்பின ஆளோன்னு சந்தேகம். விசில் என்னைக் கூப்பிட்டு, நீதான் வாயாடி, போயி பக்கத்துல உக்காந்து யாரு என்னன்னு கறந்துட்டு வான்னாரு. கறக்க வந்தவ எல்லாத்தையும் கொட்டிட்டு இருக்கேன். சரி, நெஜமாச் சொல்லுங்க, நீங்க அந்த ஆளா? ஃபிரிட்ஜ் ரிப்பேரா? ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு யாராவது இவ்வளவு வெள்ளையா சட்டை போட்டுட்டுப் போவாங்களா? பையத் தொறங்க பாப்போம். ஆமா, ஸ்பேனரு. சரி, நம்பறேன். ஆடிட் ஆளா இருந்தாலும் பரவாயில்லன்னுதான் வாயத் தொறந்தேன். இன்னும் சொல்லப்போனா, இருந்திருந்தா தேவலையேன்னு கூட நெனச்சேன்.

போன எடுக்காதீங்க. எங்க போனெல்லாம் விசிலோட பையில இருக்கு. நீங்க எடுத்தா படம் பிடிக்கறீங்கன்னு பாஞ்சு வந்து பிடுங்கிருவாரு. சிரிச்ச மாதிரியே இருங்க. நாம சும்மா ஊர்க்கதை பேசற மாதிரி இருக்கட்டும்.

இருங்க, என் ஓரகத்தி கையக் காட்டறா. வந்துடறேன்.

பாலம் வந்துருச்சா? இன்னும் வரலையா? என்ன உருட்டு உருட்டறான் இந்த டிரைவரு, நடந்து போனாக்கூட சீக்கிரம் போயிடலாம். அந்த லாரிக்குப் பின்னாடியே ஊந்துட்டு இருந்தா எப்படி? தாண்டிப் போகத் தெரியாதா? ஆமா, நீங்க கேட்டுட்டே இருக்கீங்க, எந்திரிச்சு எந்திரிச்சுப் போறீங்களேன்னு. தண்ணி குடுக்கப் போகல தம்பி. துணி மாத்தி வெக்கப் போனேன். வண்டி கிளம்பும்போதே இடுப்பு வலின்னா, இப்போ ரத்தம் போயிட்டே இருக்கு.

மெதுவா, திரும்பிப் பாக்காதீங்க. சொல்லாம இருப்பனா? விசில்கிட்ட சொல்லிட்டேன். போன் வந்துரும், கொஞ்சம் பொறும்மாங்கறாரு. அந்த ஆளும் போன எடுத்து எடுத்துப் பாத்துட்டுத்தான் இருக்காரு. ஆனா வாயத் தொறந்து நிறுத்துன்னு சொல்ல மாட்டாரு. முன் சீட்டுல இருக்கறவ, உன் ஒருத்தி வீட்டுக்காக எங்க எல்லார் வயித்துலயும் அடிக்காதங்கறா. அவளும் மூணு புள்ளைய வெச்சுட்டு அல்லாடறவ, அவள என்னன்னு திட்டறது? என் ஓரகத்தியே கூட வேணாம், சமாளிச்சுக்கறேன்னுதான் சொல்லிட்டு இருந்தா. இப்பப் போறேன், இத்தன வருஷத்துல என்னை ஏங்கன்னு கூடக் கூப்பிடாதவ, கையப் பிடிச்சுக்கிட்டு அக்கா பயமா இருக்குங்கறா. இனிமே நான் பொறுக்க மாட்டேன் தம்பி. வேலை போனா போகட்டும், ஆர்டர் போனா போகட்டும். ஊரே என்னைக் காறித் துப்பட்டும்.

எங்களுக்கு வண்டி நிக்காது. உங்களுக்கு நிக்கும். நீங்க வெளியாளு, போலீஸுக்குப் போவேன்னு ஒரு சத்தம் போட்டீங்கன்னா, உங்கள எப்படா கழட்டி விடலாம்னு விசில் பாப்பாரு. அதோ, பாலம் ஏறுது. இறங்கினதும் ஆஸ்பத்திரி கேட்டு. நான் போயி, ஆடிட் ஆளு இல்ல, வெறும் ரிப்பேர்காரன், ஆனா ரொம்ப எகிறறான், இங்கயே இறக்கி விட்டுடுங்கன்னு சொல்றேன். நீங்க எந்திரிச்சு நல்லாக் கத்துங்க. என்னையும் சேத்துத் திட்டுங்க. நான் அப்படியே பின்னாடி போயி அவளத் தூக்கி நிறுத்திக் கூட்டிட்டு வந்துடறேன். இறங்கறப்ப மட்டும் அவசரப்படாதீங்க. ஒரு கால படியிலயே வெச்சுட்டு, பை மாட்டிக்கிச்சுன்னு ஏதாவது சொல்லி நில்லுங்க. அவளால வேகமா நடக்க முடியாது.