மேனேஜரின் தொட்டி

மகள்: என்னப்பா இது! மீன் தொட்டிக்கு யாராவது டேப் போட்டு ஒட்டுவாங்களா?

அப்பா: மெதுவாப் பேசு. மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு.

மகள்: விளையாடாதீங்க. மூடியச் சுத்தி மூணு சுத்து ஒட்டியிருக்கீங்க.

அப்பா: நாலு. ஒரு சுத்தை அவரே உள்ளேருந்து பிரிச்சிட்டாரு.

மகள்: மீனு?

அப்பா: மீன்னு சொல்லாத, கோவிச்சுக்குவாரு. உங்கம்மா பேரு வெச்சது எதுக்கு? அப்படியே எங்க ஆபீஸ் மேனேஜர். உப்புன கன்னம், மூடாத வாய். "முப்பது வருஷம் ஒரு மேனேஜர் நமக்குச் சோறு போட்டாரு, இனி ஒரு மேனேஜருக்கு நாம போடுவோம்"னு சொல்லித்தானே வாங்கிட்டு வந்தா.

மகள்: அந்த வாயை இப்பப் பாருங்க. மேல வந்து மேல வந்து காத்தைக் கடிக்குது. மூச்சு முட்டுதுப்பா அதுக்கு.

அப்பா: முட்டல. பேப்பர் படிக்க வர்றாரு. நேத்து தலைப்புச் செய்தி படிச்சேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. விளையாட்டுப் பக்கம்னதும் வந்துட்டாரு.

மகள்: தண்ணி டிக்காஷன் மாதிரி இருக்கு. கடைசியா எப்ப மாத்துனீங்க?

அப்பா: ஆவியாப் போகுதும்மா. பாத்துக்கிட்டே இருக்கும்போதே போகுது. நாலு விரக்கடை இறங்கிடுச்சு. அதான் ஒட்டுனேன். இப்ப மேல போறது மூடியில பட்டு உள்ளயே சொட்டுது. ஒரு பொட்டு வெளிய போகல.

மகள்: காத்தும் உள்ள போகல! போன ஞாயித்துக்கிழமை ஃபோன்ல கேட்டேன், கால் பங்கு மாத்திட்டேன்னீங்களே.

அப்பா: மாத்துனேன்... மனசுக்குள்ள.

மகள்: அப்போ அம்மா போனதுலேருந்து... பதினோரு வாரமாவா?

அப்பா: பதினோரு வாரம், ரெண்டு நாள்.

மகள்: ஐயோ. நகருங்க. நேத்தே பக்கெட்ல பிடிச்சு வெச்சிருந்தா குளோரின் வாடை போயிருக்கும். பரவால்ல, அம்மா விடுற சொட்டு மருந்து எங்க?

அப்பா: தீந்துபோச்சு.

மகள்: இதோ அரைப் புட்டி இருக்கே, கண்ணு முன்னாடி.

அப்பா: அது வேற அரை.

மகள்: தண்ணி உறிஞ்சுற குழாயையும் குடுங்க. முழுசா மாத்துனா மீன் தாங்காது. கொஞ்சமா எடுக்கறேன். அப்படியே கல்லுக்குள்ள குத்தி, அடி அழுக்கையும் உறிஞ்சிட்டா...

அப்பா: கல்லைத் தொடாத!

மகள்: ஏன்பா கத்துறீங்க?

அப்பா: அடியில பொக்கிஷம் இருக்கு. மேனேஜர் காவல் காக்குறாரு. போன வாரம் ஒரு பூனை எட்டிப் பாத்துச்சு. இன்னிவரைக்கும் அந்தப் பூனை இந்தத் தெருவுல பால் குடிக்கல.

மகள்: அம்மா வளத்த மீன் நம்ம கண்ணு முன்னாடி செத்துக்கிட்டிருக்கு. இப்பவும் கதையாப்பா?

அப்பா: அது... அவ இருந்தப்ப ஊத்துன தண்ணிம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள். அதை எடுத்துக் கொண்டுபோய் நான் எங்க ஊத்துவேன்? கக்கூஸ்லயா?

மகள்: அப்பா, கால் பங்குதான் எடுக்கப்போறேன். முக்கால் அங்கயே இருக்கும்.

அப்பா: அடுத்த வாரம்?

மகள்: அந்த முக்கால்ல கொஞ்சம் போகும். மிச்சம் இருக்கும்.

அப்பா: அதுக்கடுத்த வாரம்?

மகள்: அப்பவும் மிச்சம் இருக்கும். எத்தனை வாரம் எடுத்தாலும் முழுசாத் தீராதுப்பா.

அப்பா: தீராது... தேடணும்.

மகள்: அப்பா, கொஞ்சம் உக்காருங்க.

அப்பா: உக்காந்துதான் இருக்கேன்.

மகள்: அந்தத் தண்ணிய அம்மா ஊத்தல. நான்தான் ஊத்துனேன். அன்னைக்கு அம்மாவால பக்கெட்டைத் தரையிலேருந்து தூக்க முடியல. ரெண்டு தடவ குனிஞ்சா. மூணாவது தடவ சிரிச்சுக்கிட்டே என்னைக் கூப்பிட்டா. "உங்கப்பாகிட்ட மூச்சு விட்றாத, பயந்துக்குவாரு"ன்னு சத்தியம் வாங்கிட்டா. அதான்... இவ்வளவு நாளா...

அப்பா: தெரியும்.

மகள்: என்ன தெரியும்?

அப்பா: நீ ஊத்துனது. உங்கம்மா பக்கெட் வெச்சா சத்தமே வராது. நீ வெச்சா மேல் வீட்டுக்காரன் எந்திரிப்பான்.

மகள்: நீங்க பேப்பர்தானே படிச்சுக்கிட்டிருந்தீங்க?

அப்பா: படிச்சேன். தலைகீழா.

மகள்: தெரிஞ்சுமா... நான் ஊத்துன தண்ணிக்கா நாலு சுத்து டேப் ஒட்டுனீங்க? அப்ப எதுக்குப்பா இதெல்லாம்?

அப்பா: தண்ணி கலங்குனா அடி தெரியாதும்மா. மாத்தவே இல்லைன்னா யாரும் குழாயப் போட்டுக் கிளறவும் மாட்டாங்க.

மகள்: புரியல.

அப்பா: காலி பக்கெட்டைக் குளியலறையில வைக்கப் போனியே, அப்ப. ஊத்துன பிறகும் உங்கம்மா ஒரு தடவ கைய விட்டுப் பாப்பாளே, மேனேஜருக்குக் குளிருதான்னு... பாத்தா. கை வெளிய வந்துச்சு. மோதிரம் வரல.

மகள்: மோதிரமா? ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கழட்டி பீரோவுல வெச்சதாச் சொன்னீங்களே!

அப்பா: நான் எத்தனையோ பொய் சொல்றவன். அதுல ஒண்ணு.

மகள்: அம்மா விரல் அவ்வளவு...

அப்பா: நூலா இருந்துச்சும்மா. நான் ஓடிப்போய்க் கைய விடப் போனேன். பிடிச்சுக்கிட்டா. "பொண்ணு வர்றா. விரல் இப்படி ஆனது அவளுக்குத் தெரியக் கூடாது"ன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. அழாத. இந்தா குழாய், மருந்து. தண்ணி ரொம்பச் சில்லுனு இல்லாம பாத்துக்க. கால் பங்கு எடு, மேலாக்க எடு. மேனேஜர் பிழைக்கட்டும்.

மகள்: மோதிரத்தை எடுத்துரலாமாப்பா?

அப்பா: வேண்டாம்மா. ஆஸ்பத்திரிலேருந்து வந்து நானே எடுத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.