சிவப்பு காட்டாத சாஃப்ட்வேர்

பட்டாசு மருந்து சூடாகத் தொடங்கினால், அதைக் கலக்குகிறவர் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற பஸ்ஸில் என் மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் பட்டாசு ஆலை ஃபோர்மேன் ஒருவர். அவரை மாமா என்று கூப்பிட்ட ஆபீஸ் இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்ட, மருந்து கலக்கும் வேலையை லேப்டாப்பில் ஃப்ளோசார்ட்டாக வரைந்துகொண்டிருந்தார்.

"மாமா, 'மருந்து சூடாகுதா?'ன்னு ஒரு கட்டம். இல்லைன்னா அடுத்த வேலை. ஆமான்னா எங்கன போகும்? அம்புக்குறி எங்கயும் சேரலைன்னு சிவப்பாக் காட்டுது."

"வெளியே ஓடுன்னு போடுலே."

"எந்த வாசல் வழியா? எல்லா வாசல்லயும் சீசன் லோடுல்ல அடுக்கியிருக்கீக!"

"ஆர்டர் அம்புட்டு இருக்கு. வேற எங்கன வைக்க, உன் தலையிலயா?"

"நம்ம அத்தையும் அந்த ரூம்லதான மாமா கலக்குறாக?"

ஆமத்தூர் தாண்டியதும் ஃபோர்மேன் லேப்டாப் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஏலே, சிவப்பு காட்டாத சாஃப்ட்வேர் ஃப்ரீயா இருக்கா?"

"இருக்கு மாமா. அதுல அம்புக்குறி அந்தரத்துல நின்னாலும் ஒண்ணும் சொல்லாது."

"அப்ப அதையே போட்ரு."

இருவரும் சிவகாசியில் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். எந்த ஆலை என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த அத்தை இன்றைக்கும் வேலைக்குப் போயிருப்பார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: யாரிடம் போய்ச் சொன்னால் ஒரு வாசலாவது காலியாகும்?