மாப்பிள்ளை வீட்டார் கேட்ட ரிப்போர்ட்

— கைய நீட்டு ஷாரோன். சட்டுன்னு எடுத்துருதேன். ஒரு நிமிசத்து வேலை.

— எதுக்குன்னு இன்னொரு மட்டம் சொல்லு அண்ணே. என் காதுல விழுந்தது சரிதானான்னு பாத்துக்கிடுதேன்.

— ஏட்டி, வீட்ல வச்சே சொல்லிட்டம்லா. மாப்பிள்ளை வீட்டுக்காரவிய ஒரு ரிப்போர்ட்டு கேக்காவ. அஞ்சு மணிக்குக் குத்தாலத்துல அவிய லாட்ஜுக்குப் போயி நாள் குறிக்கணும். அதுக்கு முந்தி கையில இருந்தா நல்லதுன்னு சொல்லுதாவ.

— என்ன ரிப்போர்ட்டு?

— ரத்தந்தான். சும்மா, பொதுவா.

— பொதுவான்னா சுகரா, கொழுப்பா? சொந்தமா லேப் நடத்துதவன் நீ. ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு பேரு இருக்கும்லா? வாயத் திறந்து சொல்லு.

— எச்.ஐ.வி. போதுமா? சொல்ல வச்சிட்டல்லா? கூட மஞ்சக்காமாலைக்கும் சேத்துப் பாத்துருவோம்.

— எனக்கு மட்டும்.

— உனக்கு மட்டுந்தான். நீதான அங்கன கிடந்துட்டு வந்தவ.

— அங்கனன்னா எங்கன? அந்த ஊருக்கு ஒரு பேரு கிடையாதா? தெற்கு சூடான். ரெண்டு வருசமா நீ ஒருநாளாவது அந்தப் பேரச் சொல்லிருக்கியா? ‘அங்கன’, ‘அந்தப் பக்கம்’, ‘ஆப்பிரிக்கா’. நான் என்னமோ ஜெயில்ல கிடந்துட்டு வந்த மாதிரி.

— கத்தாத. வெளிய ஆள் போறது வாரது இருக்கு.

— அதான் ஷட்டர பாதி இறக்கி வச்சிருக்கியோ?

— ஞாயித்துக்கிழமைடி. முழுசாத் தொறந்து வச்சா, சீசனுக்கு வந்தவன் எவனாவது அருவியில வழுக்கி விழுந்துட்டேன், கட்டுப் போடுன்னு வந்து நிப்பான். லேபுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வித்தியாசம் தெரியாதவனுவ. நீ கைய நீட்டு.

— ரெண்டு கிளவுஸ் எதுக்கு மாட்டிருக்க?

— என்னது?

— ஒண்ணுக்கு மேல ஒண்ணு மாட்டிருக்கியே, எதுக்குன்னு கேட்டேன். ஊருக்கெல்லாம் எத்தனை மாட்டுவ?

— இப்ப வந்த ஸ்டாக்கு மெலிசா இருக்கு. மாட்டும்போதே கிழியுது. எதுக்கெடுத்தாலும் குத்தம் கண்டுபிடிக்காத.

— சரி. கிளவுஸ் மெலிசு. ஒத்துக்கிட்டேன். இந்த ரிப்போர்ட்ட யாரு கேட்டது? மாப்பிள்ளை கிங்ஸ்லியா, அவிய அம்மாவா?

— வீட்டுல பெரியவிய. ஆளு ஆளாப் பேரு சொல்லிக்கிட்டா இருப்பாவ? நாசூக்காச் சொன்னாவ, நாமளும் நாசூக்காப் புரிஞ்சுக்கிடணும். உனக்கும் முப்பத்தி மூணு ஆயிட்டு. அப்பாவும் இல்ல, அம்மையும் இல்ல. நாந்தான் முன்ன நின்னு பேசணும். கொஞ்சம் தாழ்ந்து போனா என்ன கொறைஞ்சு போச்சு?

— ரெண்டு மாசமா அவரு என்கூட தினமும் பேசுதாரு. ஆஸ்பத்திரி பத்திக் கேட்டாரு, கொசுவலை பத்திக் கேட்டாரு. அங்கன சோறு கிடைச்சுதான்னு கேட்டாரு. இத ஒருநாளும் கேக்கல. கேட்டிருந்தா தப்பே இல்ல. ரெண்டு பேருமே எடுத்துக்கிடுவோமான்னு கேட்டிருந்தா, நானே முந்திப் போயிருப்பேன். என்கிட்ட சிரிச்சுப் பேசிட்டு, உன் வழியா என் ரத்தத்தக் கேக்காருன்னா, அவரு என்ன ஆளு?

— உலகத்துல எல்லா ஆம்பளையும் அப்படித்தான் கேப்பான். இதுல அவரு மட்டும் என்ன?

— எல்லா ஆம்பளையும் எனக்கு வேண்டாமே. எனக்கு இவரப் பிடிச்சிருந்துச்சு. அதான் வயிறு எரியுது.

— வயித்தெரிச்சல் ஊருக்கும் இருக்குட்டி. கோயில்ல உன்னய யாரு அப்படி சாட்சி சொல்லச் சொன்னா? வந்த மொத ஞாயித்துக்கிழமையே மைக்கப் பிடிச்சு நின்ன. எனக்கு ஊசி குத்திட்டு, ஆண்டவர் காப்பாத்துனாருன்னு.

— நடந்ததச் சொன்னேன். போதகரய்யாதான் கூப்பிட்டு, நன்றி சொல்லும்மான்னாரு.

— நன்றின்னா சுகமாப் போயிட்டு சுகமா வந்தேன், ஸ்தோத்திரம்னு உக்காரணும். கேஸ் ஹிஸ்டரி வாசிக்கப்புடாது.

— பிரசவத்துல கிழிஞ்சு ரத்தம் கொட்டிக்கிட்டு ஒரு பொம்பளையக் கேட்டுல கொண்டு வந்து போட்டாவ. எங்க ஐ.நா. ஆஸ்பத்திரி பட்டாளத்து ஆளுகளுக்குத்தான். ஆனா உயிர் போற கேஸு வாசல்ல கிடந்தா எடுக்கலாம்னு விதி இருக்கு. எடுத்தேன். தையல் போடும்போது ஜெனரேட்டர் நின்னு போச்சு. டார்ச் வெளிச்சத்துல தச்சேன். ஊசி விரல்ல ஏறிட்டு. அவளுக்கு அந்த வியாதி இருந்துச்சு. அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சு முழுசாத் தின்னு முடிச்சேன். வாந்தியா எடுத்துக்கிட்டே டியூட்டி பாத்தேன். அப்புறம் விட்டு விட்டு டெஸ்ட் எடுத்தாவ. கடைசி டெஸ்ட்டும் நெகட்டிவ். ஒண்ணுமில்ல, ஸ்தோத்திரம்னு சொல்லித்தான இறங்குனேன்?

— ஸ்தோத்திரம் யாரு காதுலயும் விழல. ஊசி மட்டுந்தான் விழுந்துச்சு.

— அந்தப் பொம்பளை பிழைச்சது?

— அதுவும் விழல.

— உன் காதுல?

— ஏட்டி, என்கிட்ட மல்லுக்கு நிக்காத. நாந்தான தெனமும் ரோட்டுல போறேன்? காய்கறிக் கடையில நின்னா, தங்கச்சிக்கு இப்பத் தேவலையான்னு கேக்காவ. தேவலையாவாம்! உனக்கு என்ன வந்துச்சுன்னு தேவலை ஆகணும்? போன வாரம் ஒரு ஆளு ரத்தங் குடுக்க வந்தான். ஊசி புதுசுதானன்னு கேட்டான். இருபது வருசமா இங்கன லேப் வச்சிருக்கேன், ஒருத்தனும் அப்படிக் கேட்டதில்ல.

— அப்ப இது உன் யாவாரத்துக்கும் சேத்து.

— யாவாரம்னா கேவலமா? அதுலதான் நீ எம்.பி.பி.எஸ். படிச்ச. அப்பா பென்ஷன் உன் ஹாஸ்டலுக்குக்கூடக் காணாது.

— அத நான் மறந்தேன்னு எப்பச் சொன்னேன்?

— மறந்துட்டுதான் போன. போகாதன்னேன். இங்கன இல்லாத சீக்காளியா? கடையநல்லூர்ல இல்லையா, செங்கோட்டையில இல்லையா? அங்க போயிப் பாக்கணுமாக்கும். அப்பா என்னடான்னா, எம்பிள்ளை ஐ.நா.வுல டாக்டருன்னு, பால்காரன்கிட்டகூடப் பெருமை. ராத்திரி படுத்துக்கிட்டு, சாம், அங்கன இன்னைக்குச் சண்டை ஏதும் இருக்கான்னு போன்ல பாருலேன்னுவாரு. பாத்துச் சொன்னாத்தான் கண்ண மூடுவாரு.

— அண்ணே...

— கடைசியில மூடுனப்ப நீ எங்கன இருந்த? பெட்டி பக்கத்துல ஒரு கையில போனப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், நீ பாக்கணும்னு. ஒரு கையில மண்ணு. உன் மொகம் அப்படியே நின்னு போச்சு, நெட் இல்ல. போன ஆட்டிக்கிட்டே நிக்கேன். சனமெல்லாம் என்னயப் பாக்கு. மண்ணப் போடவா, போனப் பாக்கவா?

— மழைக்கு ஓடுதளம் முழுக்கச் சேறு. விமானம் இறங்கல. மாத்து டாக்டரும் வரல. உன்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னேன்.

— சொன்ன. நானும் சரிம்மா, சரிம்மான்னேன். வேற என்னத்தச் சொல்ல?

— அந்தக் கோவத்தத்தான் இப்ப ஊசியில ஏத்திக் குத்துதியா?

— அது வேற, இது வேற. பேச்ச வளக்காத. மணி மூணாச்சு. சீசன் கூட்டத்துல குத்தாலம் ரோடு நகராது. கைய நீட்டு.

— இரு. ஒண்ணு கேக்கேன். அங்கன எடுத்த ரிப்போர்ட்டு என்கிட்ட இருக்கு. ஐ.நா. முத்திரையோட. அதக் காட்டினாப் போதாதா?

— சூடான்ல எடுத்த ரிப்போர்ட்ட யாரு நம்புவா?

— பொண்ணோட அண்ணன் லேப்ல, ஞாயித்துக்கிழமை ஷட்டர இறக்கிப் போட்டு எடுத்த ரிப்போர்ட்ட மட்டும் மாப்பிள்ளை வீட்டுக்காரவிய நம்பிருவாவளாக்கும்?

— ...அது, நம்ம லேபுக்குன்னு ஒரு பேரு இருக்குல்லா.

— அந்தப் பேரு அவிய ஊரு தூத்துக்குடியிலயா இருக்கு? என் அண்ணே, நீ பொண்ணு பாக்கப் போனா, பொண்ணு வீட்டு லேப் ரிப்போர்ட்ட வாங்கிப் பையில வைப்பியா?

— எனக்கு அதெல்லாம் தெரியாது. கேட்டாவ, எடுக்கேன்.

— சரி. எடு.

— எடுக்கவா?

— எடு. இந்தா கை. ரப்பரக் கட்டு. போதும், இறுக்காத. நரம்பு இங்கன நல்லாத் தெரியுது, பாத்துக்கோ. ஆனா எனக்கு மட்டும் இல்ல. கிங்ஸ்லிக்கும் எடுக்கணும். லாட்ஜுலதான இருக்காரு, பைக்குல வந்தாக் கால் மணி நேரம். நீயே எடு, பக்கத்துல பக்கத்துல ரெண்டு குப்பிய வையி. நான் போன் போட்டுச் சொல்லுதேன்.

— வேண்டாம்.

— ஏன் வேண்டாம்?

— பெரிய இடத்துச் சம்பந்தம். மாப்பிள்ளைகிட்டப் போயி ரத்தம் கேக்கவா? நம்மளக் காறித் துப்புவாவ.

— என்கிட்டக் கேட்டாவள்லா? நான் துப்பவா?

— பொண்ணுகிட்டக் கேக்கது வேற.

— ஏன் வேற? அவரு ஹார்பர்ல பன்னெண்டு வருசமா வேலை பாக்காரு. கப்பல்ல வாற ஆளுகளோட தினமும் பழக்கம். அந்த ஊர்ல ஒருத்தனாவது ரிப்போர்ட்டு கேட்டிருப்பானா? நான் கேக்கேன். கேட்டுட்டு, அவரு ரிப்போர்ட்டு வந்த பொறவும் இந்தக் கல்யாணம் வேண்டாம்னு அவரு மொகத்துக்கு நேராச் சொல்லிருதேன். தைரியமா என்கிட்டக் கேக்காதவருகூட நான் குடும்பம் நடத்த மாட்டேன்.

— ஷாரோன், போனக் கீழ வையி. நான் சொல்லுத கேளு. நாளைக்குப் பேசிக்கிடலாம். டெஸ்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போவோம் வா.

— இப்ப டெஸ்ட் வேண்டாமா? ஒரு மணி நேரமா என் கையப் பிடிச்சு இழுத்தவன் நீ.

— வேண்டாம்னா வேண்டாம். அவியகிட்ட நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கிடுதேன். போனக் குடு.

— கைய விடு அண்ணே. ரிங் போவுது. ஸ்பீக்கர்ல போடுதேன், நீயும் கேட்டுக்கோ.

— ஏட்டி, அப்பா மேல சத்தியமாச் சொல்லுதேன், கட் பண்ணு...

— ஹலோ! டாக்டர்! கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. ஐந்தருவியில நிக்கேன். அம்மாவும் அத்தையும் குளிக்காங்க. நான் துணிமணிக்குக் காவல். குரங்கு ஒண்ணு ரொம்ப நேரமா என் பையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு.

— கிங்ஸ்லி, நேராவே கேக்கேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க. எடுத்துக்கிட்டாலும் பரவால்ல.

— என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?

— என் ரத்தத்த டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்டு வேணும்னு உங்க வீட்ல கேட்டிருக்காங்க. எச்.ஐ.வி. டெஸ்ட். எனக்கு ஆட்சேபணை இல்ல. நீங்களும் இப்பவே தென்காசிக்கு வந்து குடுக்கணும். எங்க அண்ணன் ஊசியும் கையுமாத்தான் நிக்காங்க.

— என்ன டெஸ்ட்? எங்க வீட்ல யாரு கேட்டா?

— பெரியவங்க.

— இங்க பெரியவங்கன்னா அம்மாவும் அத்தையும் மட்டுந்தான். ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள நிக்காங்க. உங்களுக்கு ஊசி குத்துன கதைய என்கிட்டச் சொன்ன அன்னைக்கே நான் அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணும் பிள்ளையும் நல்லா இருக்காங்களான்னுதான் அம்மா கேட்டாங்க. யாரும் ஒண்ணும் கேக்கல டாக்டர். உங்க அண்ணனுக்கு யாரும் போன்கூடப் போடலையே. லாட்ஜுக்கு வழி கேட்டு அவங்கதான் ஒரு தடவ கூப்பிட்டாங்க. ஹலோ? கேக்குதா?

— கேக்குது. அஞ்சு மணிக்கு வாரேன். பையப் பாத்துக்கோங்க.

— வாங்க, வாங்க. மழை வாற மாதிரி இருக்கு. குடை எடுத்துட்டு வாங்க.

— ஷாரோன்.

— கட்ட அவுத்து விடு. கை மரத்துப் போச்சு.

— நான் என்ன சொல்ல வாரேன்னா...

— சுஜிதா மதினியா? மதினிதான் உன்ன அனுப்புனாவளா? சொல்லிரு. மதினின்னா நான் மன்னிச்சிருவேன். வெளிய இருந்து வந்தவிய, பயப்படத்தான் செய்வாவ.

— அவள இழுக்காத. அவளுக்கு இதுல ஒண்ணுந் தெரியாது.

— பொறவு யாருக்கு இந்த ரிப்போர்ட்டு?

— எனக்கு. எம்பிள்ளைய நீ தூக்குனாலே எனக்குப் பயமா இருக்கு.